சிறுதேரும் நாற்காலி இரயிலும்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிற்றில் சிதைத்தலும் பறை முழக்கலும் குறும்பே ஆயினும், நம் புலவர் அவற்றைப் பாடுபொருளாக்கினர். நெய்ச்சோற்றை மேனியெங்கும் சிதறிக்கொள்ளும் மகவைப் புறநானூற்றின் 188ஆம் பாடலில் கொண்டாடியவன் பாண்டியன் அறிவுடைநம்பி. அரியணை அதற்குத் தடையாகவில்லை.

தில்லி போன்ற நகரங்களில் வாழும் நம் இல்லங்களில் நாற்காலிகளே இரயிலாகின்றன. சீட்டுப் பரிசோதகராகிய மைந்தன், தந்தையிடம் இந்தியில் பயணச்சீட்டுக் கேட்கிறான். நகைப்பதா, தமிழில் கேளென்று திருத்துவதா? திருத்தினால் ஆட்டம் கலையும். நகைத்தே விட்டுவிட்டால் மொழி நழுவும். எனவே, சீட்டில்லாப் பயணியாய்த் தமிழில் கெஞ்சுவோம். அபராதம் விதிக்க அவனே தமிழுக்கு வருவான். ஆசானாய் நில்லாது ஆட்டத்துள் நுழையும் தந்தைக்கே மொழியும் மகிழ்வும் ஒருங்கே வாய்க்கும்.