பதரி யாத்திரையும் வழித்துணையும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



நூற்றெட்டுத் திவ்யதேசங்களுள், இமயமலையில் பதினாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், அலகநந்தையின் கரையில் விளங்குவது பதரிகாசிரமம். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் இத்தலத்திற்கு இரண்டு திருமொழிகளை அருளிச்செய்துள்ளார். அவற்றுள் முந்தியதில், முதுமையில் நேரும் அவஸ்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, அந்நிலை வந்து சேருமுன்பே பதரியைத் தொழும்படி உபதேசிக்கிறார்.

இவ்வுபதேசத்தை நெஞ்சிற்கொண்ட நண்பர் நால்வர் ஒருமுறை யாத்திரை புறப்பட்டனர். நால்வரும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். இளமையில் ஓராசிரியரிடம் ஒன்றாகச் சந்தை சொன்னவர்கள். முன்னோர் ரிஷிகேசத்திலிருந்து நடந்தே சென்ற வழியில் இன்று மோட்டார் வண்டிகள் ஸந்நிதிக்கு அருகு வரை செல்கின்றன. ஆயினும் கடைசிப் பகுதியையாவது காலால் நடந்தே அடைவதென்று ஸங்கல்பித்து, அனுமான் சட்டி என்னுமிடத்தில் வண்டியை விட்டிறங்கி நடந்தனர்.

பாதி வழியில் ஒருவருக்குத் தலை சுற்றிற்று, மூச்சு முட்டிற்று. பாறையொன்றின்மேல் அமர்ந்துவிட்டார். “நீங்கள் மூவரும் போய் ஸேவித்து வாருங்கள், அடியேன் இங்கேயே இருக்கிறேன்” என்றார். மறுநாள் விடியற்காலையில் ஊர் திரும்பவேண்டும். அன்று மாலை ஸேவிக்காவிடில் அந்த யாத்திரையில் பதரி ஸேவை இல்லை.

மற்றொருவர், “ஆழ்வார் சொன்னபடி முதுமைக்கு முன்னே வந்தோம். வாசல் வரை வந்து திரும்புவதா? மறுமுறை வர இந்த உடம்பு இடங்கொடுக்குமா?” என்று கலங்கினார். அவர் கலக்கத்தில் நியாயமில்லை என்று யாரும் சொல்லமுடியாது. பல ஆண்டுகள் சேர்த்துவைத்த ஆசை அது.

அப்போது மூன்றாமவர் பாரதக் கதையை நினைவூட்டினார். பாண்டவர்கள் வனவாஸ காலத்தில் இதே பதரிக்குச் சென்றபோது, திரௌபதியைக் கங்காத்வாரத்தில் பீமஸேனனோடு நிறுத்திவிட்டுத் தாம் மேலே செல்லலாம் என்று தருமபுத்திரர் கருதினார். பீமஸேனன் இசையவில்லை, அவளால் நடக்க இயலாத இடங்களில் தானே சுமப்பதாகச் சொன்னான். பின்னர் மலைவழியில் புயலும் மழையும் வருத்த, திரௌபதி மூர்ச்சித்து விழுந்தாள். நகுலன் ஓடிச்சென்று தாங்கினான். தருமபுத்திரர் மடியில் கிடத்திக்கொண்டார். இளைய இருவரும் அவள் பாதங்களை வருடினர். ஒருவரும் முன்னே ஓடவில்லை. பீமன் நினைத்த மாத்திரத்தில் கடோத்கசன் வந்து அவளைச் சுமந்தான். அவனுடன் வந்த அரக்கர்கள் மற்றவர்களைச் சுமந்தனர். இவ்வாறு அனைவரும் சேர்ந்தே நரநாராயணர்களின் ஆசிரமத்தை அடைந்தனர்.

இதைக் கேட்டதும் கலங்கியவர் மறுபேச்சின்றி எழுந்து, நோயுற்றவரின் மூட்டையைத் தம் தோளில் மாட்டிக்கொண்டார். அவ்வழியே வந்த மலைவாசி ஒருவர், இத்தகைய மூச்சுத் திணறலுக்கு மேலே ஏறுவது அபாயமென்றும், கீழே இறக்குவதே மருந்தென்றும் கூறினார். இறங்கி வந்த வண்டியொன்றை நிறுத்தி நால்வரும் பாண்டுகேசுவரம் வந்து சேர்ந்தனர். இரவு நெருங்குவதற்குள் அவருக்கு மூச்சு சீராயிற்று.

பாண்டுகேசுவரத்தின் பெருமையை அங்கேதான் அவர்கள் அறிந்தனர். பனிக்காலத்தில் பதரியில் நடை சாத்தப்படும்போது, உத்தவருடைய திருமேனி கீழே இவ்வூருக்கு எழுந்தருளப்பண்ணப்படுகிறது. கண்ணன் தன் தோழரான உத்தவரைப் பதரிக்குப் போகும்படி நியமித்ததை ஸ்ரீமத் பாகவதம் கூறுகிறது. அப்படித் தான் அனுப்பிவைத்த தோழரையே, குளிர் மிகும் காலத்தில் கீழே இறங்கியிருக்கச் செய்கிறான் எம்பெருமான். தோழரோடு கீழே இறங்கியவர்கள் அவன் திருவுள்ளத்திற்கு மாறாக நடந்தவர்களாவரோ?

அன்பர்களே! நாராயணன் நரனுக்குத் திருமந்திரத்தை உபதேசித்த இடம் பதரி. அம்மந்திரத்தின் நடுவிலுள்ள ‘நம:’ என்னும் பதம், ‘எனக்கு நான் உரியேனல்லேன்’ என்று உணர்த்துவது. அவனுக்கு உரியவன், அவன் அடியார்க்கும் உரியவன் என்பதே பூர்வாசார்யர்கள் காட்டிய எல்லைநிலம். ‘என் ஸேவை, என் புண்ணியம்’ என்று உடன்வந்த அடியாரை வழியிலே விட்டு ஓடுகிறவன், பதரியின் வாசலை மிதித்தாலும் பதரியின் உபதேசத்தைக் கேட்டவனாகான்.

அந்த நால்வருக்கும் அம்முறை பதரி ஸேவை கிட்டவில்லை. மறுநாள் விடியலில் பாண்டுகேசுவரத்து எம்பெருமானை ஸேவித்து, வடதிசை நோக்கித் தண்டனிட்டுத் திரும்பினர். நால்வராகவே ஊர் வந்து சேர்ந்தனர்.

இவ்வுத்ஸவத்திற்குத் திரள்திரளாக வந்திருக்கும் யாத்ரீகர்கள், வாகன ஸேவைக்கு முந்தும் ஆவலில், மண்டபத்துப் படியில் களைத்து அமர்ந்த முதியவரையும், கை நழுவிய குழந்தையையும் ஒருகணம் திரும்பிப் பார்க்கக் கடவர். அவர்களுக்கு ஒரு மிடறு தீர்த்தம் கொடுத்து அழைத்துவருவதும் உத்ஸவ கைங்கர்யமே. அத்தகைய அடியாரைப் பெருமாள் குளிரக் கடாக்ஷித்தருள்வானாக.

எம்பெருமான் திருவடிகளே சரணம்.