ஊன்றுகோலும் திருவருளே



எங்கள் ஆலயத்துக்கு வருவோரின் வேண்டுதல்களுள் நோய் தீர வேண்டும் என்பதே பெரும்பாலும் முதலாவதாக நிற்கின்றது. காய்ச்சல் மருந்தோடு மாறும். முறிந்த எலும்பு பொருந்தும். ஆனால் ஆண்டுக்கணக்கில் மாறாத வலியோடு சந்நிதியில் நிற்கின்றவர்களும் உள்ளனர். அவர்களுள் பலருக்கு இருப்பது நரம்பு வலி. நீண்டகால நீரிழிவினால் பாதம் எரிகின்றவர்கள், அக்கி மாறிய பின்பும் அந்த இடம் சுடுகின்றவர்கள், முள்ளந்தண்டில் நரம்பு நெரிபட்டுக் கால் முழுதும் இழுக்கின்றவர்கள் ஒருபுறம். 2009 இல் முடிந்த போரில் காயப்பட்டவர்கள் இன்னொருபுறம். கால் போய்விட்டது, ஆனால் இல்லாத அந்தக் காலிலேயே விரல்கள் வலிக்கின்றன என்று சொல்வோரும் இவர்களுள் உளர்.

இந்த வலிக்கு வெளியே காயம் தெரிவதில்லை. அதனால் வீட்டார்கூடச் சில வேளை நம்புவதில்லை. போர்வை பட்டாலும் துடிக்கின்றவரைப் பார்த்து “இதெல்லாம் நினைப்பு” என்று சொல்லிவிடுகின்றார்கள். இது நினைப்பு அல்ல. கோயில் மணி பூசை நேரத்தில் ஒலிக்க வேண்டியது. மணி தானாகவே நடுச்சாமத்தில் ஓயாது ஒலித்தால், பூசை நடக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஓசை பொய்யாகாது, ஊரின் தூக்கமும் கெடும். நரம்பு பழுதுபடும்போதும் இப்படியே. புதிய காயம் எதுவும் இல்லாமலே அது “காயம், காயம்” என்று மூளைக்குச் செய்தி அனுப்புகின்றது. பனடோல் போன்ற வழக்கமான வலிக் குளிசைகள் இவ்வலிக்குப் பெரும்பாலும் பயன்படாதது இதனாலேயே.

மருந்தும் பலிக்கவில்லை, நேர்த்தியும் பலிக்கவில்லை என்ற நிலையில் மனம் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றது. “நான் என்ன பாவம் செய்தேன்?” என்பது ஒன்று. “என் பக்தி போதாதா?” என்பது மற்றொன்று. இரண்டுக்கும் நாயன்மார் வரலாற்றிலே விடை உண்டு.

நோய் என்றதும் எமக்கு நினைவுக்கு வருபவர் அப்பர் சுவாமிகள். சூலை நோய் அவர் வயிற்றைக் குடைந்தது. உடனிருந்தவர்கள் அறிந்த முறைகளையெல்லாம் செய்து பார்த்துக் கைவிட்டனர். தமக்கையார் திலகவதியாரிடம் சென்று, திருநீறு பெற்று, திருவதிகை வீரட்டானத்தில் முதற் பதிகம் பாடினார், நோய் நீங்கியது. இவ்வரலாற்றை நாம் அடிக்கடி சொல்கின்றோம். ஆனால் பதிகம் ஓதியும் நோய் நீங்காத ஒருவர் இதைக் கேட்டால், ஆறுதலோடு ஒரு முள்ளும் அவர் நெஞ்சில் தைக்கும். அவருக்குச் சொல்ல வேண்டிய வரலாறு சுந்தரமூர்த்தி சுவாமிகளுடையது.

சுந்தரர் இறைவனின் தோழர். சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்ததும் இரு கண்களும் மறைந்தன. திருவெண்பாக்கத்தை அடைந்து இறைவனிடம் முறையிட்டார். கிடைத்தது கண் அல்ல. ஓர் ஊன்றுகோல்! அதைப் பிடித்துக்கொண்டே நடந்தார். காஞ்சியில் ஒரு கண் தெரிந்தது. மற்றது திருவாரூர் சென்ற பின்பே கிடைத்தது. தம்பிரான் தோழருக்கே முழு நலம் ஒரே நாளில் வரவில்லை. கோல் கிடைத்த நாளில் அவர் பக்தி குறைந்திருந்தது என்று யாராவது சொல்வோமா? வழி நடக்கத் தந்த கோலும் திருவருளே. நோய் மாறுவது ஓர் அருள்; மாறாத நோயோடு நடக்க வலு கிடைப்பது இன்னோர் அருள்.

இனி வினையைப் பற்றி. சுந்தரருக்குக் கண் போன காரணத்தைப் புராணம் சொல்கின்றது. அடுத்த வீட்டாரின் நோய்க்குக் காரணம் எதுவென்று எமக்கு யாரும் சொல்லவில்லை. பிராரத்த வினை என்ற கோட்பாடு, என் துன்பத்தை நான் பொறுமையோடு தாங்குவதற்காகச் சொல்லப்பட்டது. துன்பப்படுகின்றவர்மேல் கல்லாக எறிவதற்கு அன்று. திலகவதியாரைப் பாருங்கள். தம்மையும் சமயத்தையும் விட்டுப் போன தம்பி நோயோடு வந்து காலில் விழுந்தபோது, பழையதைக் கிளறிப் பேசவில்லை. எழுப்பினார், நீறு கொடுத்தார், கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நோயாளியைப் பார்க்கப் போகின்றவர்கள் கற்க வேண்டிய ஒழுக்கம் இது.

அப்படியானால் இந்த வலிக்காரருக்கு ஊன்றுகோல்கள் எவை?

முதலாவது, வைத்தியம். ஒரு மருந்து பலிக்கவில்லை என்பதால் வைத்தியமே பலிக்காது என்று ஆகாது. அமிற்றிப்டிலின் மனச்சோர்வுக்கும், கபபென்ரின், பிறீகபலின் போன்றவை வலிப்புக்கும் தரப்படுபவை. நரம்பு வலிக்கும் இவற்றைக் கொடுக்கின்றார்கள். “எனக்கு மனநோய் என்று நினைத்துவிட்டார்” என்று குளிசையை எறிந்துவிட வேண்டாம். இவை வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கலாம். ஒன்று ஒத்துவராவிட்டால் வைத்தியர் அளவை மாற்றுவார், அல்லது வேறொன்றைத் தருவார். பலருக்கு வலி முற்றாக மாறுவதில்லை. பாதியாகக் குறைந்து, இரவு தூக்கம் வந்தாலே அது பெரும் பேறு. விரதம் என்றோ, நேர்த்தி என்றோ வைத்தியரைக் கேளாமல் சடுதியாக நிறுத்தவும் கூடாது. மரக்கறி உணவு மட்டும் உண்போரும், மெற்போமின் குளிசையை நெடுநாள் எடுப்போரும் விற்றமின் பி12 குறைவு உண்டா என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும். அக்குறைவும் நரம்பைக் கெடுக்கும். ஆனால் அது திருத்தக் கூடியது. அவயவம் இழந்தோருக்குக் கண்ணாடியில் மற்றக் காலின் உருவத்தைக் காட்டிச் செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. தமிழ்நாட்டிற் பிறந்த அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் கண்டது அது. எல்லோருக்கும் பலிக்காவிட்டாலும் சிலருக்கு உதவியிருக்கின்றது.

இரண்டாவது, வழிபாடு. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் என்பது சைவசித்தாந்தம். நாள் முழுதும் வலியையே சார்ந்திருந்தால் ஆன்மா வலியின் வண்ணமாகிவிடுகின்றது. மூச்சை மெல்ல விட்டுத் திருவைந்தெழுத்தைச் செபிக்கும்போது வலி ஓடிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வலி என்பது நான் முழுவதும் அல்ல, எனக்கு வந்த ஒன்று என்ற தெளிவு சிறிது சிறிதாக வரும். வலி கூடும் இரவு வேளையில் ஒரு பதிகத்தை மெதுவாக ஓதுங்கள். பகலில் இயன்ற சிறு தொண்டைச் செய்யுங்கள். இருந்தபடியே மாலை கட்டலாம். பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கலாம்.

மூன்றாவது, அடியார் கூட்டம். இங்கே ஆலயத்தாருக்கும் கடமை உண்டு. நீரிழிவுக்காரரின் பாதம் எரியும். அதே பாதத்துக்குச் சூடு தெரியாமலும் போகும். உச்சி வெயிலில் வெறுங்காலுடன் வீதி சுற்றினாலோ தீ மிதித்தாலோ கொப்புளம் வந்ததுகூடத் தெரியாது. அப்புண் காலையே கொண்டுபோகக் கூடும். அத்தகையோர் தீமிதிப்பு, பிரதட்டை முதலிய நேர்த்திகளை வைக்காமல், விளக்கெரிப்பதாகவோ அன்னதானம் கொடுப்பதாகவோ வைக்கட்டும். இறைவன் ஏற்பான். வீதியிலே தண்ணீர் தெளிப்பதும், மண்டபத்தின் ஓரத்தில் நான்கு கதிரைகள் போடுவதும், அவற்றில் இருப்போரை ஏளனமாய்ப் பாராதிருப்பதும் சிவபுண்ணியமே.

வலிக்காரர் ஒருவர் “இந்த உயிர் போனால் போதும்” என்று சொன்னால் அதை வெறும் பேச்சாக விடாதீர்கள். அவரைத் தனியே விடாமல் பக்கத்தில் இருங்கள். வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். செய்வினை, கண்ணூறு என்று சொல்லி அவரை அலைக்கழித்துக் கடனாளி ஆக்காதீர்கள்.

திருவெண்பாக்கத்துக்கும் திருவாரூருக்கும் இடையில் நெடுவழி இருக்கின்றது. எங்களுள் பலர் இன்று அந்த வழியிலேதான் நிற்கின்றார்கள். அவர்கள் கையில் இருக்கும் கோலை நாம் தட்டிவிடாதிருப்போம். கோல் இல்லாதவருக்குத் தோள் கொடுப்போம். நோயுற்றோர் யாவருக்கும் நலமும், அது வரும்வரை நடக்கும் வலுவும் அருளுமாறு எம்பெருமானைப் பிரார்த்திப்போமாக.

சுபம்.