அச்சேறிய சொல்லும் நல்வாழ்க்கையும்

பிறர் எழுதிக் கொடுத்த சொல்லைக் கூலி பெற்று அச்சிட்டுப் பரப்புகிறவருக்கு அச்சொல்லின் வினையில் பங்கு உண்டா? முதல் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடைப்பட்ட காலத்துத் தமிழ் ஏடுகளைப் புரட்டுவோர்க்கு இவ்வினா எழாமல் இராது. தேச விடுதலையையும் சமூக சீர்திருத்தத்தையும் முழங்கும் தலையங்கத்தின் அடுத்த பக்கத்திலேயே தாது புஷ்டி லேகியமும், சர்வரோக நிவாரணியும், கூந்தல் தைலமும் தத்தம் பெருமையைத் தாமே பேசிக்கொண்டிருக்கும். தலையங்கத்திற்கு ஆசிரியர் பொறுப்பு என்பதை எவரும் மறுப்பதில்லை. அடுத்த பக்கத்திற்கு யார் பொறுப்பு என்பதே நம் கேள்வி.

இதனை ஆராயப் பொன்முடியை முன்வைத்துத் தொடங்குகிறோம். திருவனந்தபுரத்தினின்று ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கல்லாற்றைக் கடந்து 22 கொண்டையூசி வளைவுகளில் ஏறினால், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ளது அம்மலை. ஏறும் வழியிலேயே தேயிலைத் தோட்டங்கள் எதிர்ப்படும். அதே மலைத்தொடரில் சற்றுத் தள்ளி அகத்தியர்கூடம் நிற்கிறது. அதன் அடிவாரக் காடுகளில் ஆரோக்கியப்பச்சை என்னும் சிறு செடி வளர்கிறது. (அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று வீரசோழியம் உரைப்பதை அறிந்த நம்மவர்க்கு அம்மலை அயலான மலையன்று.) இவ்விரு செடிகளுள் ஒன்றை விளம்பரம் வீடுதோறும் கொண்டு சேர்த்தது, மற்றொன்றின் பயனோ நெடுங்காலம் விளம்பரம் ஏதுமின்றியே மக்களிடையே வழங்கிவந்தது.

தேயிலையை முதலில் எடுத்துக்கொள்வோம். இந்நாட்டில் விளைந்த தேயிலை முதலில் இந்நாட்டாருக்காக விளைவிக்கப்படவில்லை, கப்பலேறுவதற்காகவே விளைந்தது. 1903இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஏற்றுமதியாகும் தேயிலையின்மீது ஒரு சிறு தீர்வை தண்டப்பட்டு, அப்பணம் தேநீர்ப் பிரசாரத்திற்குச் செலவிடப்பட்டது. 1929க்குப் பின் உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்து விலை வீழ்ந்தது. 1933இல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் உற்பத்தியாளர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உடன்படிக்கை செய்துகொண்டனர். கப்பலேறாது எஞ்சிய இலைக்கு வாய் தேட வேண்டியதாயிற்று. அவ்வாய் உள்நாட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. ரயில் நிலையங்களில் எனாமல் பலகைகள், சந்தைகளிலும் திருவிழாக்களிலும் இலவசக் கோப்பைகள், வீடு தேடி வந்து தேநீர் தயாரித்துக் காட்டும் பணியாளர், பத்திரிகைகளில் படம் போட்ட விளம்பரங்கள் ஆகிய யாவும் ஒருங்கே இயங்கின. நீரை நன்கு கொதிக்கவிடுக, அளவாக இலை இடுக, சில நிமிடம் மூடி வைத்திடுக என்ற செய்முறை நாட்டு மொழிகளில் அச்சாயிற்று. தேநீர் களைப்பைப் போக்கும், சுறுசுறுப்பைத் தரும் என்றும் சொல்லப்பட்டது.

இவற்றுள் பொய் எது? செய்முறை பொய்யன்று. களைப்பு நீங்குவதும் குடித்தவர் அறிந்ததே. தேநீர் கேடு என்று காந்தியடிகளும் வங்கத்து விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராயும் எழுதியும் பேசியும் வந்தனர். உழைப்பவனுக்குக் கிடைத்த ஒரு சிறு இன்பத்தை அத்துணைக் கடுமையாகப் பழிக்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து. ஆயின் அவ்விளம்பரங்கள் கோப்பையை மட்டும் காட்டின. தமிழ்நாட்டு வறண்ட சிற்றூர்களிலிருந்து முன்பணம் கொடுத்துக் கங்காணிகள் திருவிதாங்கூர் மலைகளுக்கு அழைத்துவந்த ஆணும் பெண்ணும், கடனும் காய்ச்சலும் அட்டைக்கடியும் தாங்கி இலை கிள்ளிய கதையை அவை காட்டவில்லை. கோப்பை சென்று சேர்ந்த இடத்தின் கதையையும் காட்டவில்லை. விளம்பரத்தில் தேநீர் எல்லார்க்கும் பொது. தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க்கடைகளிலோ ஒரு சாராருக்குக் கண்ணாடிக் குவளையும் மற்றொரு சாராருக்குத் தனிக் குவளையும் வைக்கும் இரட்டைக் குவளை முறை இந்த நூற்றாண்டிலும் ஆய்வாளரால் பதிவு செய்யப்பட்டுள்ளது. இலை கிள்ளியவரின் மக்களே அத்தனிக் குவளையைத் தாமே கழுவி வைக்க நேர்ந்ததை எந்த எனாமல் பலகை சொல்லிற்று?

மருந்து விளம்பரத்தின் நிலை இதனினும் கொடிது. தேநீரை வேண்டாதவன் விட்டுவிடலாம். நோயாளிக்கு அவ்வுரிமை இல்லை. அவன் அச்சத்தில் இருப்பவன். வெட்கத்தால் வைத்தியரிடம் செல்லாதவனுக்கு வி.பி.பி. தபால் பெரும் வசதியாயிற்று. பெயர் தெரியாத ஊரிலிருந்து பெயர் தெரியாத மருந்து வரும், பணத்தைத் தபால்காரரிடம் கொடுத்துவிடலாம். பிரபலஸ்தர்களின் நற்சாட்சிப் பத்திரங்கள் மருந்தின் உட்பொருளுக்கு ஈடாக நின்றன. 1930இல் அரசாங்கம் ஆர்.என். சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழுவை அமைத்தது. கலப்பட மருந்துகளும், வீரியம் குறைந்த மருந்துகளும் கட்டுப்பாடின்றி விற்கப்படுவதை அக்குழு எடுத்துக்காட்டிச் சட்டம் வேண்டும் என்றது. சட்டம் வந்ததோ 1940இல்.

இருக்கும் நோய்க்கு இல்லாத குணத்தைக் கூறுவது ஒரு வகை. இல்லாத நோயையே படைப்பது மற்றொரு வகை. 1930களில் ஹார்லிக்ஸ் பானத்திற்காக ஜே. வால்டர் தாம்சன் என்னும் விளம்பர நிறுவனம் ‘இரவுப் பட்டினி’ என்றொரு குறையைப் பரப்பியது. உறங்கும்போதே உடல் பட்டினி கிடக்கிறது, அதனாலேயே காலையில் சோர்வு என்பது அதன் வாதம். எந்த மருத்துவ நூலும் அந்நோயை அறியாது. மெய்யான இரவுப் பட்டினி கிடந்த கோடிக்கணக்கானோர் வாழ்ந்த நாட்டிலும் ஹார்லிக்ஸ் விற்பனையாயிற்று. அவர்களுக்கு அதனை வாங்கக் காசில்லை.

இனி அறநூலை நோக்குவோம். நல்வாழ்க்கை என்பதற்கு விலக்கான வணிகங்கள் ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு என்னும் ஐந்து என்று நம்மவர் பலரும் மனப்பாடமாகச் சொல்வர். அவ்வளவோடு நிறுத்திவிடுவதால், லேகியம் விற்பவனும் அதை அச்சிடுபவனும் தப்பிவிடுகின்றனர். மஜ்ஜிம நிகாயத்து மஹாசத்தாரீஸக சூத்திரத்திலோ ததாகதர் தீய வாழ்க்கையை வேறோர் ஐந்தாகக் காட்டியிருக்கிறார்: பொய்த்தோற்றம் காட்டல், இச்சகம் பேசல், குறிப்பால் தூண்டல், இழித்துப் பேசிப் பெறல், சிறு லாபத்தைக் காட்டிப் பெரு லாபம் வேட்டல். பெரும்பாலும் பிக்குகள் தொடர்பாக உரையாசிரியர் விளக்கும் இவ்வைந்தையும் விளம்பரப் பக்கத்தின்மேல் வைத்துப் பாருங்கள். சந்நியாசி அருளிய மூலிகை என்பது பொய்த்தோற்றம். அறிவாளியாகிய தாங்கள் அறியாததன்று என்பது இச்சகம். தங்கள் குழந்தை ஏன் மெலிந்திருக்கிறது என்பது குறிப்பால் தூண்டல். தங்கள் மேனியின் நாற்றத்தை நண்பர் சொல்லத் தயங்குகின்றனர் என்பது இழித்துப் பேசல். மாதிரிப் புட்டி இலவசம் என்பது ஐந்தாவது. இவற்றுள் சிலவற்றில் ஒரு பொய்ச் சொல்லும் இராது. ஆயினும் கேட்பவன் நெஞ்சில் அச்சமோ ஆசையோ விதைக்கப்பட்டுவிடும். சொல்லின் மெய்யை மட்டும் பார்த்தால் நல்வாய்மை தப்பிவிட்டதாகத் தோன்றும். சொல்லிச் சம்பாதித்த முறையைப் பார்த்தால் நல்வாழ்க்கை தப்பவில்லை என்பது விளங்கும்.

அங்ஙனமாயின் ஒரு பொருளைப் பிறர்க்கு அறிவிப்பதே குற்றமா? அன்று. தம்மமே ‘வந்து பார்’ என்று அழைப்பது. இங்கு ஆரோக்கியப்பச்சையின் கதை துணைவரும். 1987இல் அகத்தியர்கூடத்துக் காடுகளில் ஆராய்ச்சிக்காகச் சென்ற விஞ்ஞானிகள் களைத்துத் தளர்ந்தபோது, வழிகாட்டிகளாகிய காணிப் பழங்குடியினர் தளராது நடந்தனர். அவர்கள் அவ்வப்போது தின்ற சிறு கனியே காரணம் என்று கண்டு, கேட்டு, தின்று பார்த்தனர். அச்செடியை ஆராய்ந்து, பொன்முடிச் சாலைக்கு அணித்தேயுள்ள பாலோட்டுத் தாவரத் தோட்டத்தார் ஒரு மருந்து செய்தனர். 1995இல் உற்பத்தி உரிமை கொடுக்கப்பட்டபோது உரிமத் தொகையிலும் வருவாய்ப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடாயிற்று. காணியர் முதலில் சொல்லவே தயங்கினர் என்பதையும், தின்று நடந்து காட்டியதே அவர்தம் நற்சாட்சிப் பத்திரம் என்பதையும் கருதுக.

பத்திரிகைக்கு வருவோம். அமிர்தாஞ்சனத்தை 1893இல் பம்பாயில் தொடங்கிய காசிநாதுனி நாகேசுவரராவ் பந்துலு, அவ்வருவாயைக் கொண்டே ‘ஆந்திர பத்திரிகை’யை நடத்தினார், 1914 முதல் அது சென்னையில் நாளிதழாக வெளிவந்தது. தலைவலித் தைலம் ஒன்று தேசிய இயக்கத்திற்குக் குரல் கொடுத்தது. தைலம் தைலமாகவே, தன் வேலையைச் சொல்லி விற்கப்பட்டால் அதில் இழுக்கு ஏது? மறுபுறம் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் ‘இந்தியன் ஒப்பீனியன்’ ஏட்டில் விளம்பரங்களை நிறுத்தினார். ‘யங் இந்தியா’வையும் விளம்பரமின்றியே நடத்தினார். அவருக்கு ஆதரவாளர் பலர் இருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. எளியோர் நடத்தும் ஏட்டிற்கு அத்துணிவு எளிதன்று.

விளம்பரதாரர் சொன்னதை அச்சிட்டோம், நமக்கென்ன என்ற வாதத்தைச் சட்டமே ஏற்கவில்லை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணிகள் சட்டம், தடுக்கப்பட்ட விளம்பரத்தின் பிரசுரத்தில் எவ்விதப் பங்கும் கொள்ளலாகாது என்றே கூறுகிறது. அச்சட்டத்தின் பெரும்பகுதியை 1959 டிசம்பரில் உச்சநீதிமன்றம் நிலைநிறுத்திற்று. வணிக விளம்பரமும் பேச்சுரிமையின் பாற்பட்டதே என்று 1995இல் அந்நீதிமன்றம் வேறொரு வழக்கில் கூறியது உண்மைதான். உரிமை உண்டு என்பதால் வினையில் பங்கு இல்லையென்று ஆகிவிடாது. நோயாளியின் அச்சத்தில் விளைந்த காசில் ஒரு பகுதி பத்திரிகையின் பெட்டிக்குள் வந்து விழும்போது அதன் வினையும் உடன் வருகிறது.

சித்த வைத்தியராகிய அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ஏட்டின் பெயரே ‘ஒரு பைசாத் தமிழன்’. ஏழை வாங்கவேண்டும் என்பதே அவ்விலையின் நோக்கம். 1914இல் அவர் மறைந்தபின் தளர்ந்த ‘தமிழன்’ 1926இல் கோலார் தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் பொறுப்பில் மீண்டும் எழுந்தது. சுரங்கத் தொழிலாளரே அதனைத் தாங்கினர். ஓர் ஆசிரியர் ஒரு விளம்பரத்தைத் திருப்பி அனுப்பும்போது குறையும் காசு எவ்வளவென்று கணக்குப் பார்ப்பது எளிது. அதனை ஈடு செய்ய வேண்டியவர் சந்தாதாரர்களே. ஓர் ஏட்டை வாங்கிப் பத்துப் பேர் கூடிப் படிக்கும் நம் வழக்கத்தில், அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குச் சிறிது இட்டால் அக்கணக்கு நேராகும்.