இளங்குதிரையின் சம்மதம்

மூன்று வயதுக் குதிரையின் முதுகில் முதன்முதலாகச் சேணம் வைப்பது, தொழில் தெரிந்தவர் செய்தால், வேடிக்கை பார்ப்பவருக்கு அலுப்புத் தட்டுகிற காரியம். முதல் நாள் ஒரு துணியை முதுகில் போட்டு எடுப்பார்கள். அத்துடன் அன்றைய வேலை முடிந்தது. பிறகொரு நாள் வயிற்றுவாரைத் தளர்வான துளையில் மாட்டி, நீண்ட கயிற்றில் வட்டமாக நடத்துவார்கள். குதிரை மூச்சை அடக்கி வயிற்றை உப்பிக்கொள்ளும். அது தானாக மூச்சு விடும்வரை காத்திருந்து அடுத்த துளைக்கு வாரை இழுப்பார்கள். இன்னும் சில நாள் கழித்து எடை குறைந்த ஒருவர் சேணத்தின் குறுக்கே வயிற்றை வைத்துத் தொங்குவார், சில நொடிகள் அப்படியே கிடப்பார், இறங்கிவிடுவார். ஒரு ஈ வந்து உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்த்து உதறும் பிராணி அது. காட்டில் அதன் முதுகில் ஏறுகிறவன் அதைத் தின்ன வந்தவனாகத்தான் இருப்பான். அந்த முதுகை, ஐந்நூறு கிலோ எடையும் உதைக்கத் தெரிந்த கால்களும் இருந்தும், அது நமக்குக் கொடுத்துவிடுகிறது. ஏன் கொடுக்கிறது என்ற கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்ட பதில்கள் எல்லாம் ஏறியவர்கள் சொன்னவை.

இந்த வேலையை அவசரப்படுத்தக் கூடாது என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ்காரரான செனபோன், வற்புறுத்தலுக்குப் பணிந்து குதிரை செய்வது அதற்கும் புரியாது, பார்க்கவும் அழகாக இராது என்ற கருத்தை எழுதிவைத்தார். பிரெஞ்சு அரசன் பதின்மூன்றாம் லூயிக்கு இளமையில் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்த ப்ளூவினெல், 1733இல் வெளிவந்த நூலால், குதிரையை நுட்பமான அசைவுகளுக்குப் பழக்கும் கலையான இன்றைய டிரஸ்ஸாஜுக்கே இலக்கணம் வகுத்தவராகக் கொண்டாடப்படும் லா கெரினியேர் என்று பின்னால் வந்தவர்களும் தண்டனையைக் குறை, காத்திரு, சிறிது செய்தாலும் பாராட்டு என்பதையே தத்தம் வழியில் சொன்னார்கள். இருபத்து நான்கு நூற்றாண்டுகளாக ஒரே அறிவுரையைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்திருக்கிறது என்றால், அதைக் கேட்டு நடந்தவர்கள் எத்தனை பேர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

கேட்டு நடந்த இடம் என்று வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியைச் சொல்வார்கள். அங்குள்ள லிப்பிசானர் குதிரைகள் கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, மெல்ல மெல்ல வெளுத்து, ஆறிலிருந்து பத்து வயதுக்குள் வெண்மையாகின்றன. ஏறக்குறைய நான்கு வயதில் பள்ளிக்கு வந்து, முழுப் பயிற்சி முடிய மேலும் ஆறு ஆண்டுகள் ஆகும் என்பதால், பாடம் முடிவதும் நிறம் வெளுப்பதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நடக்கின்றன. 1735இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த மண்டபத்துக்குள் நுழையும் வீரர்கள், அதைக் கட்டுவித்த ஆறாம் சார்லஸ் பேரரசரின் படத்துக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் செலுத்துகிறார்கள். பேரரசு 1918இல் போய்விட்டது, வணக்கம் நிற்கவில்லை. அவசரப்படுத்த யாரும் இல்லாத இடத்தில் பொறுமை மரபாகவே நிலைத்துவிடுகிறது.

ஆனால் இன்று உலகெங்கும் இளங்குதிரைக்குக் கற்றுக்கொடுக்கப் பயன்படும் பாடத்திட்டம் அந்த மண்டபத்திலிருந்து வந்ததைவிட அதிகமாகப் படைமுகாமிலிருந்து வந்தது. முதலில் நடையில் சீரான தாளம், அடுத்து உடலில் இறுக்கமின்மை, பிறகு கடிவாளத்தோடு மென்மையான தொடர்பு, பின்னங்கால்களின் உந்துவிசை, நேராக நடப்பது, கடைசியாக உடலின் பாரத்தைப் பின்னால் ஏற்றிக் குவித்துக்கொள்வது என்று இன்று ஒவ்வொரு பயிற்சியாளரும் ஒப்பிக்கும் ஆறு படிகளின் வேர், ஜெர்மானியக் குதிரைப்படையின் 1912ஆம் ஆண்டுக் கையேட்டில் இருக்கிறது. படைக்கு வாங்கிய இளங்குதிரையை உடனே அணியில் சேர்க்காமல் ஆண்டுக்கணக்கில் பழக்கினார்கள். இந்தப் பொறுமைக்குக் காரணம் கருணையைவிடக் கணக்கு என்றே தோன்றுகிறது. அவசரத்தில் முதுகு கெட்ட குதிரை, அரசாங்கத்துக்கு நஷ்டம். அந்தக் கையேடு வந்த இரண்டாவது ஆண்டில் போர் மூண்டது. அவ்வளவு பக்குவமாக வளர்க்கப்பட்ட குதிரைகள் பிற நாட்டுக் குதிரைகளோடு லட்சக்கணக்கில் பீரங்கிக்கும் பட்டினிக்கும் இரையாயின. இளங்குதிரையிடம் எப்படி மென்மையாக நடந்துகொள்வது என்பதை அதைச் சாவுக்கு அனுப்பியவர்களிடமிருந்தே நாம் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

அதே 1912இல், ஸ்டாக்ஹோமில், டிரஸ்ஸாஜ் ஒலிம்பிக்கில் நுழைந்தது. நாற்பது ஆண்டுகள் அதில் படை அதிகாரிகளுக்கு மட்டுமே இடம். 1952இல் ஹெல்சிங்கியில் கதவு திறந்தபோது, டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் என்ற பெண் வெள்ளிப் பதக்கம் பெற்றார். இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழே வலுவிழந்தவர். குதிரையில் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். காலால் அழுத்தி வேலை வாங்க இயலாத ஒருவர் பெரும்பாலான அதிகாரிகளைவிட நன்றாக ஏறிக் காட்டிய பிறகும், இந்தக் கலைக்குப் பலம் தேவை என்ற நம்பிக்கை எப்படி உயிரோடு இருக்கிறது என்பது வியப்புக்குரியது.

அது உயிரோடு இருப்பதற்கான விடை, சந்தையில் இருக்கிறது. ஐரோப்பாவில் பொலிகுதிரைத் தேர்வு இரண்டரை வயதிலேயே நடக்கிறது. அந்த வயதில் குதிரை ஆள் ஏறாமல் தடைகளைத் தாண்டிக் காட்ட வேண்டும், ஏலம் கேட்பவர்கள் சுற்றி அமர்ந்திருப்பார்கள். மூன்று, நான்கு வயதுக் குதிரைகளுக்கு ஜெர்மனியில் தேசியப் பட்டங்கள் உண்டு. ஐந்து வயதில் உலகப் பட்டத்துக்கே போட்டியிடலாம். குதிரையின் முதுகெலும்பில் வளர்ச்சித் தட்டுகள் மூடுவதோ ஐந்து, ஆறு வயதில்தான். வளர்ப்பவர், பயிற்றுபவர், மருத்துவர், வாங்குபவர் என்று கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும், லாயத்து வாடகையும் தீவனமும் லாடச் செலவும் மாதந்தோறும் வருகின்றன. மாதந்தோறும் பணம் கட்டுகிறவர் மாதந்தோறும் முன்னேற்றம் கேட்கிறார். ‘இந்த மாதம் அது நிம்மதியாக நடக்கக் கற்றுக்கொண்டது’ என்று சொல்லிப் பணம் வாங்கும் துணிவு எத்தனை பயிற்சியாளருக்கு இருக்கும்? மூன்று வயதுக் குழந்தையை எல்.கே.ஜி. நேர்காணலுக்குத் தயார்ப்படுத்தும் நமக்கு இந்த நெருக்கடி புரியாத ஒன்றல்ல.

தாண்டுதலில் இந்தக் கதை வேறுவிதமாக நடக்கிறது. தரையில் கிடக்கும் வண்ணமடித்த தண்டு ஒன்றின் முன் இளங்குதிரை நின்றுவிடும். தலையைத் தரைவரை தாழ்த்தி மோப்பம் பிடிக்கும், மூக்கால் ஊதும், ஓரடி பின்வாங்கும். பிறகு எதிர்பாராத கணத்தில், நான்கங்குல உயரம்கூட இல்லாத அந்தத் தண்டை நான்கடி உயரத்தில் எகிறித் தாண்டும். மேலே இருப்பவரின் முகம் அதன் பிடரியில் போய் மோதும். நல்ல பயிற்சியாளர் அப்போது லகானைப் பிடித்து இழுப்பதில்லை. கழுத்தைத் தட்டிக்கொடுத்து மறுபடி அதே தண்டுக்கு அழைத்து வருகிறார். சில சுற்றுகளில் குதிரை அதைச் சும்மா காலெடுத்துக் கடந்துவிடுகிறது. பிறகு ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் வரிசையாகத் தண்டுகள், பிறகு முழங்காலுக்குக் கீழே உயரம், பிறகு மெல்ல மேலே. இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ காப்ரில்லி வரும்வரை, தாண்டும்போது பின்னால் சாய்ந்து லகானைப் பிடித்துத் தொங்குவதே முறையாக இருந்தது. குதிரையின் வாயில் தொங்காதே, அதன் எடையோடு நீயும் முன்னால் போ என்று மாற்றியவர் அவர். 1907இல் குதிரையிலிருந்து விழுந்தே இறந்தார். அவர் தந்ததைச் சுருக்கிச் சொன்னால், குதிரை தனக்குத் தெரிந்ததைச் செய்யும்போது மனிதன் குறுக்கே நிற்காமல் இருப்பது.

ஆனால் தாண்டும் போட்டியில் மதிப்பெண் எளிமையானது: தண்டு விழாவிட்டால் தவறில்லை. அது எப்படி விழாமல் போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. எனவே பயிற்சிக் களத்தில், குதிரை காற்றில் இருக்கும்போது தண்டை உயர்த்தி அதன் காலில் அடிபட வைப்பது ஒரு காலத்தில் பலரும் அறிந்த குறுக்குவழியாக இருந்தது. வலிக்குப் பயந்து அடுத்த முறை காலை இன்னும் மடக்கும். இன்று சர்வதேச விதிகள் அதைத் தடைசெய்திருக்கின்றன. தடைசெய்ய வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டிரஸ்ஸாஜ் இதைவிட நுட்பமானது, அதனால் இதைவிடச் சிக்கலானது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிப்புத்தகம் இந்தக் கலையின் நோக்கமாகவே குதிரையை மகிழ்ச்சியான வீரனாக வளர்ப்பதைக் குறிப்பிடுகிறது. மகிழ்ச்சி விதியிலேயே எழுதப்பட்டிருக்கும் விளையாட்டு வேறு எதுவும் உண்டா என்று தெரியவில்லை. பயிற்சி நடக்கும் விதத்தைப் பாருங்கள். காலால் விலாவை அழுத்துகிறோம், குதிரை நகர்கிறது, அழுத்தத்தை எடுக்கிறோம். லகான் இறுகுகிறது, அது தாடையைத் தளர்த்துகிறது, லகானும் தளர்கிறது. குதிரைக்குக் கிடைக்கும் முக்கியமான வெகுமதி, நாம் கொடுத்த தொந்தரவை நாமே நிறுத்திக்கொள்வது. இதில் குற்றம் ஒன்றும் இல்லை. வேறு பொதுமொழி நமக்கும் அதற்கும் குறைவு. அழுத்தம் எவ்வளவு, எந்த நொடியில் எடுத்தோம் என்பதில்தான் நல்லவரும் மற்றவரும் பிரிகிறார்கள். நேரத்துக்கு எடுக்கப்பட்ட அழுத்தம் பாடம். எடுக்கப்படாத அழுத்தம் வெறும் வலி. அந்த வலியிலிருந்து தப்ப வழியில்லை என்று ஒரு குதிரை முடிவுகட்டிவிட்டால், அதுவும் அமைதியாகவே இருக்கும். தூரத்தில் அமர்ந்திருக்கும் நடுவருக்கு நம்பியதால் வந்த அமைதியும் கைவிட்டதால் வந்த அமைதியும் ஒன்றுபோலவே தெரியக்கூடும்.

அலுவலகங்களிலும் வீடுகளிலும் நமக்கும் இது பழக்கமானதுதான். சொன்னதைச் செய்தால் போதாது, விரும்பிச் செய்வதாகவும் தெரிய வேண்டும் என்பது நாம் பிறரிடம் கேட்கும், பிறர் நம்மிடம் கேட்கும் கூடுதல் கட்டணம். பணிவு மட்டும் கேட்ட காலத்தில் முகம் சுளிக்கும் உரிமையாவது பணிந்தவருக்கு மிஞ்சியது.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக் தொடங்க மூன்று நாள் இருக்கையில், ஆறு ஒலிம்பிக் பதக்கங்கள் பெற்ற பிரிட்டனின் சார்லட் டுஜார்டின் போட்டியிலிருந்து விலகினார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சிக் கூடத்தில், மாணவர் ஏறியிருந்த குதிரையின் கால்களில் அவர் நீண்ட சவுக்கால் திரும்பத் திரும்ப அடிக்கும் காணொளி வெளிவந்திருந்தது. அவர் வருத்தம் தெரிவித்தார். ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. வலேக்ரோ என்ற குதிரையோடு அவர் காட்டிய நயத்தைப் பார்த்து வியந்தவர்களுக்கு இது வலித்தது. அந்த வியப்பு பொய் என்று சொல்லவும் முடியவில்லை, காணொளி பொய் என்று சொல்லவும் முடியவில்லை. அதற்கு மூன்றாண்டு முன் டோக்கியோவில், நவீன ஐந்துவகைப் போட்டியில், குலுக்கலில் கிடைத்த அறிமுகமில்லாத குதிரையோடு இருபது நிமிடம் பழகிவிட்டுத் தடைகளைத் தாண்ட வேண்டும் என்ற விதியின்கீழ், முன்னணியில் இருந்த ஜெர்மானிய வீராங்கனை கண்ணீரோடு சவுக்கை ஓங்கியதை உலகமே பார்த்தது. குதிரை நகர மறுத்தது. விவாதங்களின் முடிவில் அந்தப் போட்டியிலிருந்து குதிரையே நீக்கப்பட்டு, மனிதர்கள் தாமே தாண்டும் தடைகள் வைக்கப்பட்டன. மறுத்ததற்குப் பலன் கிடைத்த அபூர்வமான சந்தர்ப்பம் அது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு வந்துவிட்டது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய டிரஸ்ஸாஜ் அணி தங்கம் வென்றது; குதிரையேற்றத்தில் 1982க்குப் பிறகு கிடைத்த முதல் தங்கம். வென்ற நால்வரும் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்கள். நம்மில் பலர் முதன்முறையாக அன்றுதான் இந்த விளையாட்டைப் பார்த்தோம், மதிப்பெண்ணைப் பார்த்துக் கைதட்டினோம்.

இனியும் பார்ப்போம் என்பதால் ஒரு வேண்டுகோள். கால்கள் உயர்வதைப் பார்க்க எல்லோரும் இருக்கிறார்கள். வாயைப் பாருங்கள், வாலைப் பாருங்கள். மூக்குப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய இடமிருக்கிறதா என்பதை 2025 முதல் கருவி வைத்தே அளக்கிறார்கள். குதிரை வாய் திறப்பதை மறைக்க அதை இறுக்கிக் கட்டியவர்களால் வந்தது அந்த அளவீடு. வால் ஓயாமல் சுழற்றப்படுகிறதா, லகான் நீளமாக விடப்படும் அந்தச் சில அடிகளில் கழுத்து தானாக முன்னால் நீண்டு தாழ்கிறதா என்று கவனியுங்கள். குதிரையின் வயது என்ன என்றும் ஒருமுறை விசாரியுங்கள். மதிப்பெண் பலகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.