உங்கள் வயிற்றின் பக்கம் நில்லுங்கள்!

எடைக் குறைப்பு ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து பிரியாணி வாசனை பட்டாலே குமட்டுகிறதா? இத்தனை வருடம் உயிராக இருந்த பால் காபி நான்கு மடக்குக்கு மேல் இறங்க மறுக்கிறதா? அழுகின முட்டை நாற்றத்தோடு ஏப்பம் வந்துவிடுமோ என்று அலுவலகத்தில் வாயைத் திறக்கவே கூசுகிறீர்களா? நிமிர்ந்து உட்காருங்கள்! இதில் வெட்கப்பட ஒரு துளியும் கிடையாது. உங்கள் உடம்பு ஒரு பெரிய மாற்றத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன் பாரம் முதலில் வயிற்றின் மேல்தான் இறங்கும்.

உங்களை உண்மையில் வாட்டுவது குமட்டலைவிட, உள்ளுக்குள் ஓயாமல் கேட்கும் ஒரு குரல். "எல்லாருக்கும் ஒத்துக்கொள்கிறது, எனக்கு மட்டும்தான் இப்படி. என் உடம்பே சரியில்லை." அந்தக் குரல் பொய் சொல்கிறது! இந்த ஊசிகளில் ஒன்றான செமாக்ளூட்டைடு மருந்தை எடைக் குறைப்புக்காகச் சோதித்த பெரிய ஆய்வு 2021-ல் வெளியானது. 1,961 பேர் கலந்துகொண்டார்கள். மருந்து போட்டுக்கொண்டவர்களில் 100-க்கு 44 பேருக்குக் குமட்டல். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வாந்தி, கிட்டத்தட்ட அதே அளவுக்கு மலச்சிக்கல். ஆனால் வயிற்றுத் தொந்தரவு தாங்காமல் மருந்தை நிறுத்தியவர்கள் 100-க்கு ஐந்து பேர்கூட இல்லை. பெரும்பாலோருக்கு அந்தத் தொல்லை மிதமாக வந்து, நாளடைவில் தணிந்தது. நீங்கள் தனி ஆள் இல்லை. ஒரு பெருங்கூட்டமே இந்த வழியாக நடந்து போயிருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். நாம் சாப்பிட்டவுடன் நம் குடலே ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது மூளையிடம் "போதும்" என்கிறது, இரைப்பையிடம் "மெதுவாக அனுப்பு" என்கிறது. சொல்லிவிட்டுச் சில நிமிடங்களில் கரைந்துபோகிறது. ஊசியில் இருப்பது அதே கட்டளையைச் சொல்லும் மருந்து. ஆனால் செமாக்ளூட்டைடு என்றால் ஒரு வாரம் கழித்தும் அதில் பாதி உடம்பில் இருக்கிறது. அதனால்தான் வாரம் ஒரு ஊசி போதுகிறது. எண்ணெயும் நெய்யும் மிகுந்த உணவு இயல்பாகவே இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் நகரும். மருந்தும் சேர்ந்து நிறுத்திவைத்தால் மத்தியானம் தின்ற பரோட்டாவும் சால்னாவும் ராத்திரிவரை அங்கேயே கிடக்கலாம். குமட்டலுக்கும் எதுக்களிப்புக்கும் அதுவும் ஒரு காரணம். உங்கள் மனவலிமைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பால் விஷயமும் கவனிக்க வேண்டியது. நம் பக்கத்தில் வளர்ந்தவர்களில் நிறையப் பேருக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைவு. ஒரு டம்ளர் காபியில் வெளியே தெரியாமல் இருந்தது, வயிறு ஏற்கெனவே கலங்கியிருக்கும் இந்த நேரத்தில் உப்புசமாகவும் வயிற்றுப்போக்காகவும் தலைகாட்டலாம். சில வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு மோர் ஒத்துக்கொள்ளும். ஆனால் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்று வந்தால் அது ஒவ்வாமை. அப்போது ஒரு நிமிடமும் யோசிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

சாப்பிடுவதற்கு என்ன இருக்கிறது என்று கலங்காதீர்கள். இட்லி, இடியாப்பம், கஞ்சி, ரசம் சாதம், காரம் குறைத்த மீன் குழம்பு என்று வயிற்றைப் பதமாகப் பார்த்துக்கொள்ளும் சமையல் நம் வீட்டிலேயே இருக்கிறது. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: புரதம். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. நான்கு வாய்தான் இறங்கும் என்றால் அந்த நான்கு வாயில் முதலில் முட்டையோ மீனோ சுண்டலோ பாசிப்பயறோ இருக்கட்டும், சோறு பிறகு வரட்டும். முதல் "போதும்" கேட்டவுடன் கையை எடுத்துவிடுங்கள். தண்ணீரை மடக்கு மடக்காக நாள் முழுவதும் குடியுங்கள். கீரை, வாழைத்தண்டு, மாலையில் ஒரு நடை, இவை மலச்சிக்கலுக்கு நல்ல துணை.

கல்யாணப் பந்தியில்தான் உங்கள் தைரியத்துக்கு நிஜமான பரீட்சை. இலையில் மிச்சம் வைத்தால் மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். "ஒரு கரண்டி பாயசம் சாப்பிட்டால் குறைந்தா போய்விடுவாய்?" என்று அத்தை கரண்டியோடு நிற்பார். அவருடைய பிரியம் நிஜம், அதில் சந்தேகமே இல்லை. அதற்காக உங்கள் வயிறு இரவெல்லாம் துடிக்க வேண்டுமா? "அத்தை, மனசும் நிறைஞ்சிடுச்சு, வயிறும் நிறைஞ்சிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே இலையை மூடுங்கள். "ஊசி போட்டு இளைப்பதெல்லாம் ஒரு இளைப்பா?" என்று கேட்பவருக்கு விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. பிரஷருக்கு மாத்திரை போடுபவரை யாராவது அப்படிக் கேட்கிறார்களா? மௌஞ்சாரோ என்ற ஊசி 2025 மார்ச்சில்தான் இந்தியாவுக்கு வந்தது, செமாக்ளூட்டைடு ஊசியான வீகோவி அதே ஆண்டு ஜூனில். ஊருக்கு இந்த மருந்துகள் இன்னும் பழகவில்லை. ஊரின் தீர்ப்புக்கு நீங்கள் தலைகுனியத் தேவையே இல்லை.

அடுத்தவருடன் போட்டி போடாதீர்கள்! "அவர் மௌஞ்சாரோவில் பத்து மில்லிகிராமுக்குப் போய்விட்டாரே" என்று ஏங்குவது வீண். வீகோவி 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு படியாக 0.5, 1, 1.7 என்று ஏறி 2.4-ஐ அடைகிறது. அத்தனை படிகளும் வயிறு பழகுவதற்காகவே வைக்கப்பட்டவை. அவசரத்தில் தாண்டாதீர்கள். மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்குவதும், ஒருவர் ஊசிப் பேனாவை இன்னொருவர் போட்டுக்கொள்வதும் ஆபத்து. அதைத் துணிச்சல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எல்லா வலியையும் பல்லைக் கடித்துத் தாங்குவதும் துணிச்சல் ஆகாது. மேல்வயிற்றில் விடாத கடும் வலி எழுந்து முதுகுக்குப் பரவினால் கணையம் வீங்கியிருக்கலாம். வலது பக்க வலியோடு காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ வந்தால் பித்தப்பையைச் சோதிக்க வேண்டும். வாந்தி நிற்காமல், சிறுநீர் குறைந்து, தலை சுற்றினால் உடம்பு வறண்டு சிறுநீரகம் தவிக்கிறது. இன்சுலினும் சேர்த்துப் போடுபவருக்கு வியர்வையும் நடுக்கமும் வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். இவை எதற்கும் காலைவரை காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள். குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா, அறுவை சிகிச்சை வரப்போகிறதா, குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் இருந்ததா? மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு இந்த மருந்து ஒத்துவராது. அது தோல்வி இல்லை. வேறு மருந்து இருக்கிறது, வேறு வழி இருக்கிறது. ஆனால் யாரிடமும் சொல்லாமல் பாதியில் நிறுத்திவிட்டு, எடை திரும்பியதும் உங்களையே சபித்துக்கொள்ளாதீர்கள். மருந்தை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. இழந்த எடையை மீட்கப் போராடுவது உடம்பின் இயல்பு. அதில் உங்கள் குணத்தின் மேல் பழி போட ஒன்றும் இல்லை. நிறுத்துவதானால் அடுத்து என்ன என்று திட்டம் போட்டுக்கொண்டு நிறுத்துங்கள்.

இன்றே ஒரு நோட்டை எடுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எப்போது குமட்டியது, ஊசி போட்டு எத்தனையாவது நாள் என்று எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதை மேசைமேல் விரியுங்கள். "அதெல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடாதீர்கள். நாற்காலியில் நன்றாக உட்கார்ந்துகொண்டு கேளுங்கள்: "டாக்டர், என் வயிறு இந்த அளவுக்கே இன்னும் பழகவில்லை. அடுத்த படிக்குப் போகாமல் இன்னும் நான்கு வாரம் இதிலேயே இருக்கலாமா?"