கிள்ளிய வெற்றிலை

சீடன்: சுவாமி, இயேசு கூப்பிட்டதும் பேதுருவும் அந்திரேயாவும் வலையை விட்டுவிட்டுப் போனார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கட்டும் என்றும் அதே இயேசுதான் லூக்காவில் சொல்கிறார். எதைக் கேட்பது?

குரு: இரண்டையும், ஒன்றன்பின் ஒன்றாக. இந்த மைசூர் மண்டி மொஹல்லாவில் வெற்றிலை வாங்குபவருக்கு இது புதிதல்ல. கொடிக்காலில் கொடி நிழல் பார்த்து மெல்லத்தான் ஏறும். அதைச் சோம்பல் என்று யாரும் ஏசுவதில்லை. கிள்ளிய இலைதான் காத்திருக்காது. அழைப்பு எது என்று தெளியும்வரை ஆகும் காலம் கொடியின் காலம். தெளிந்தபின் தள்ளிப்போடுவது, கட்டிய கவுளியை மூலையில் வாடவிடுவது. மோசேயைப் பார். எரியும் முட்புதர் முன்னே அவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். ஆண்டவர் பொறுமையாகப் பதில் சொன்னார். எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தபிறகு, வேறு யாரையாவது அனுப்பும் என்றாரே, அப்போதுதான் ஆண்டவருக்குச் சினம் மூண்டது. சிறுவன் சாமுவேல் மூன்று முறையும் தவறாக ஏலியிடம் ஓடினான். ஓடிய திசைதான் தவறு, எழுந்ததில் தவறில்லை. வேதம் அவனைக் குறை சொல்லவில்லை.

சீடன்: தகப்பனை அடக்கம் செய்துவிட்டு வருகிறேன் என்று இயேசுவிடம் சொன்னவனுக்கு அந்த அவகாசம்கூடக் கிடைக்கவில்லையே? நம் வீடுகளில் மூத்த மகனுக்கு அதைவிடப் பெரிய கடமை எது?

குரு: உன் கேள்விகளில் கனமானது இதுதான். அந்த நாட்டில் இறந்தவரை அன்றே அடக்கம் செய்வது வழக்கம். தகப்பன் அன்று இறந்திருந்தால் மகன் வழியில் நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டான். ஆகவே தகப்பன் உயிரோடுதான் இருந்தார், அவர் காலம் முடியட்டும் என்று இவன் தவணை கேட்டான் என்று உரைகாரர் பலர் சொல்கிறார்கள். வேறு விளக்கமும் உண்டு. எனக்கு முதலில் சொன்னதே பொருத்தமாகப் படுகிறது. அந்தத் தவணைக்கு முடிவுநாள் இல்லை, அதுதான் சிக்கல். எலிசாவும் எலியாவிடம் தாய்தகப்பனை முத்தமிட்டு வர விடை கேட்டார். ஆனால் உழுத மாடுகளை அடித்து, கலப்பை மரத்தையே விறகாக்கிச் சமைத்து ஊருக்குப் போட்டுவிட்டுக் கிளம்பினார். திரும்பிவர அவருக்கு ஏரே மிச்சமில்லை. விடைபெற அவர் எடுத்துக்கொண்ட நேரம் கிள்ளிய இலையைக் கட்டும் நேரம். அதைத் தாமதமாக எண்ண முடியாது. இயேசு பெற்றோரைக் கைவிடச் சொன்னார் என்றும் வாதிடாதே. காணிக்கை என்று பேர் சொல்லிப் பெற்றோருக்குச் சேரவேண்டியதை மறுத்தவர்களை அவர் கடுமையாகச் சாடியது மாற்கில் இருக்கிறது. மேலும் எல்லா அழைப்பும் வீட்டைவிட்டுப் போகச் சொல்வதில்லை. நட்டாலம் நீலகண்டப் பிள்ளை 1741இல் குளச்சலில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் வழியாக விசுவாசத்தை அறிந்தார்; 1745 மே 14இல் வடக்கன்குளத்தில் தேவசகாயமாகத் திருமுழுக்குப் பெற்றார். அவர் மனைவியைத் தள்ளிவைக்கவில்லை. அந்த அம்மாளும் ஞானப்பூ என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்டுச் சாகும்வரை தேவசகாயம் தம் தீர்மானத்திலிருந்து பின்வாங்கவில்லை.

சீடன்: நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1933இல் அடிக்கல் நாட்டிய நம் ஊர்ப் பிலோமினா ஆலயமும் எழும்ப ஆண்டுக்கணக்காயிற்றே?

குரு: அது வேலை நடந்த காலம். அடுத்ததைக் கேள்.

சீடன்: அவசரப்பட்டு ஏமாந்தால்?

குரு: அதற்குத்தான் கொடிக்கால். முன்பு எடுத்த முடிவை மனம் இருண்டிருக்கும் வேளையில் மாற்றாதே என்று இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் விதி வைத்தார். பாரிசில் அவரோடு ஒரே அறையில் தங்கிப் படித்த சேவியர் நெடுநாள் பிடிகொடுக்கவில்லை. 1534 ஆகஸ்ட் 15இல்தான் மோன்மார்த்ரில் வார்த்தைப்பாடு கொடுத்தார். 1540 மார்ச்சில், இந்தியாவுக்குப் போகவேண்டிய பொபடில்யா நோயில் விழவே, இஞ்ஞாசியார் சேவியரைக் கேட்டார். சேவியர் மறுநாளே ரோமிலிருந்து கிளம்பினார். அந்த ஒருநாள் சம்மதத்துக்குப் பின்னால் பல ஆண்டுகள் இருந்ததை மறந்துவிட்டு அவரை அவசரக்காரர் என்கிறோம். லிஸ்பனில் கப்பலுக்காக அவர் அடுத்த ஆண்டு ஏப்ரல்வரை காத்திருந்தார். அதையும் யாரும் தாமதக் கணக்கில் எழுதவில்லை. 1542 மே 6இல் கோவாவில் இறங்கினார். அந்த ஆண்டிலேயே முத்துக்குளித்துறைப் பரதவரிடம் வந்து சேர்ந்துவிட்டார்.