தனிச் சட்டி: ஒவ்வாமையும் தீண்டாமையும்

2023 ஐப்பசியில் ஒருநாள், அம்மா வைத்த நண்டுக் குழம்பைத் தின்றுகொண்டிருந்தபோது என் உதடு தடித்தது. காரமாக இருக்கும் என்று நினைத்து இன்னொரு கொடுக்கைக் கடித்தேன். கால்மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு. தொண்டையை உள்ளிருந்து யாரோ நெரிப்பது மாதிரி இருந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு திரும்பியது.

பரிசோதனையெல்லாம் முடிந்து டாக்டர் சொன்னார்: நண்டு கூடாது, இறால் கூடாது, நத்தை கூடாது, ஈசலும் வேண்டாம். ட்ரோபோமயோசின் என்று ஒரு புரதம். நண்டிலும் இறாலிலும் இருப்பதைப் போன்றதே கரப்பான்பூச்சியிலும், வீட்டுத்தூசியில் வாழும் சிற்றுண்ணியிலும் இருக்கிறதாம். வேகவைத்தாலும் வறுத்தாலும் காயவைத்தாலும் அது அழியாது. நாற்பது வயதை நெருங்கும்போதுகூட இந்த ஒவ்வாமை புதிதாக வரலாம்; வந்தால் பெரும்பாலும் போகாது. நண்டு வெந்த சட்டி, கிண்டிய அகப்பை, பொரித்த எண்ணெய் எதுவும் படக்கூடாது. சிலருக்குக் கொதிக்கும் ஆவியே போதுமாம். மீன் வேறு வகை; சோதித்துப் பார்த்ததில் அது எனக்கு ஒத்துக்கொள்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்: “எனக்குன்னு தனிச் சட்டி, தனி அகப்பை வேணும்மா.”

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: “டீக்கடையில ஒங்க தாத்தாவுக்குத் தனி கிளாசு வச்சிருந்தாங்க. பண்ணை வூட்டுல எனக்குச் செரட்டையில தண்ணி ஊத்துனாங்க. இப்ப எம் வூட்டுல, எங் கையால, எம் புள்ளைக்கே தனிச் சட்டி வைக்கணுமா?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சோற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையது காவிரிப் பாசன ஊர். நிலம் அவர்களுடையது, நடவும் அறுப்பும் எங்களுடையது. வரப்பு வளையில் இருக்கும் நண்டு மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. அது வரப்பை ஓட்டை போடும் என்பதால் பிடித்துக்கொண்டு போனால் பண்ணையார் கேட்கமாட்டார். மழைக்காலத்தில் வேலை இருக்காது, கூலி இருக்காது. அப்போது வளைக்குள் கைவிட்டு அப்பா பிடித்துவரும் நண்டுதான் எங்களுக்குக் கறி. காலை ஒடித்து அம்மியில் தட்டி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் நசுக்கிப்போட்டு அப்பாயி ரசம் வைக்கும். சளிக்கு அதுதான் மருந்து. குளத்து நத்தையை உப்புத் தண்ணீரில் அவித்து, ஊக்கால் சதையை எடுப்போம். ஈசலை வறுத்து அரிசியோடு கலந்து மடியில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன்.

இதைச் சொல்லும்போதே நாக்கு ஊறுகிறது. அதற்காக அந்தக் காலம் இனித்தது என்று பொய் சொல்லமாட்டேன். வேறு இல்லாததால்தான் தின்றோம். ‘நத்த பொறுக்கி’ என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டவர்கள் வீட்டிலிருந்தே மூலத்துக்கு மருந்தென்று இருட்டின பிறகு நத்தை கேட்டு ஆள் வரும்.

எம்.ஏ. படிக்கும்போது ஐங்குறுநூறு பாடமாக இருந்தது. அதில் ‘கள்வன் பத்து’ என்று ஒரு பகுதி. கள்வன் என்றால் நண்டு. ஓரம்போகியார் வயல் நண்டை வைத்துப் பத்துப் பாட்டுப் பாடியிருக்கிறார். ‘மருத நிலக் கருப்பொருள்’ என்று எழுதிப்போட்டுவிட்டுப் பேராசிரியர் அடுத்த பத்துக்குப் போய்விட்டார். வகுப்பில் அதன் ருசி தெரிந்தவள் நான். சொல்லக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கூச்சத்தை உதறப் பத்து வருஷம் ஆயிற்று. மேடையில் நண்டையும் நத்தையையும் பெயர் சொல்லிப் பேசக் கற்றுக்கொண்ட பிறகு, உடம்பு வேண்டாம் என்கிறது.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஆளுக்கொன்று சொன்னார்கள். கூட வேலை பார்க்கும் ஒருவர், “நல்லதாப் போச்சு, அந்தக் கருமத்தை விட்டாச்சு” என்று வாழ்த்தினார். டாக்டர் சொன்னதும் இவர் சொன்னதும் ஒரே வாக்கியம்: தின்னாதே. தனிச் சட்டி வை என்பதும் தொடாதே என்பதும் அப்படித்தான். சொல் ஒன்றாகவே இருக்கும்போது, ஒன்றை அக்கறை என்றும் மற்றதைச் சாதி என்றும் எதைக்கொண்டு பிரிப்பது?

‘ஒவ்வுதல்’ என்றால் பொருந்துதல். என் உடம்புக்கு நண்டு பொருந்தவில்லை. இது கெட்டது என்றோ, இதைத் தின்கிறவள் இழிந்தவள் என்றோ உடம்பு தீர்ப்புச் சொல்லவில்லை. நாளைக்கு ஊர்த்தெருக்காரர் ஒருவருக்கும் இதே தடிப்பு வரலாம். ட்ரோபோமயோசின் தெரு பார்த்து வராது. நண்டைப் பார்த்து அவர்கள் முகம் சுளிப்பதும் உடம்பின் குணம்போலத்தான் தோன்றும். ஆனால் அது சொல்லிக்கொடுத்து வந்தது. சின்ன வயதில் அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று எங்களோடு வாய்க்காலில் உட்கார்ந்து சுட்ட நண்டு தின்றிருக்கிறது. அடி வாங்கிய பிறகுதான் அதற்குக் குமட்டல் வந்தது.

அதனால் நான் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கிறேன். இந்தத் தடை யாருடைய உயிரைக் காக்கிறது? இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா? தடைக்கு உள்ளாகிறவருக்கு இதில் பேச்சு உண்டா? என் தனிச் சட்டி என் உயிரைக் காக்கிறது. ஊசி குத்திச் சோதித்தார்கள். கேட்டதும் நான்தான். டீக்கடையின் தனி கிளாசு யார் உயிரையும் காக்கவில்லை. அதற்குச் சோதனை இல்லை. தாத்தாவை யாரும் கேட்கவும் இல்லை. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்த பிறகும் அந்த கிளாசு பல ஊர்களில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

விடுவதும் எல்லாம் ஒன்றல்ல. 1927 மார்ச்சில் மகாடில் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியைத் தின்பதை விடுங்கள் என்று தம் மக்களிடம் கேட்டுக்கொண்டார். அதே மாநாட்டை ஒட்டித்தான் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். ஒரு கையால் ஒன்றை விட்டு, இன்னொரு கையால் உரிமையை எடுத்தார்கள். அது முடிவெடுத்து விட்டது. என் வகுப்பறைக் கூச்சம் வெட்கப்பட்டு விட்டது. இப்போது நான் விடுவது இரண்டிலும் சேராது.

இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு தப்பு செய்தேன். 2024 தொடக்கத்தில் ஒரு கூட்டம். மாணவர்கள் நம்ம சாப்பாடு என்று ஆசையாகச் சமைத்து வைத்திருந்தார்கள். எனக்கு நண்டு ஆகாது என்று சொல்ல வாய் வரவில்லை. எம்.ஏ. படிச்சிட்டு ஐயர் வீட்டுப் பொண்ணாயிட்டா என்று நினைப்பார்களோ என்று பயம். துண்டு வேண்டாம், குழம்பு மட்டும் என்று ஒரு கரண்டி வாங்கித் தின்றேன். மறுபடியும் ஆட்டோ, மறுபடியும் ஊசி. பரிமாறிய பிள்ளை வாசலில் நின்று அழுததை மறக்க முடியவில்லை. நான் யார் என்று நிரூபிக்க விஷத்தைக் குடித்திருக்கிறேன். நிரூபி என்று யாரும் கேட்கவே இல்லை.

அன்றைக்குத்தான் அம்மா மண்சட்டி ஒன்று வாங்கி வந்தாள். “நாந்தான் வைக்கிறேன், அவன் வைக்கல. அது வேற, இது வேற” என்றாள். என் மூன்று கேள்வியையும் அவள் இரண்டு வரியில் முடித்துவிட்டாள்.

அந்தச் சட்டியில்தான் இப்போது ரசம். அதே மிளகு, சீரகம், பூண்டு, அதே அம்மி. நண்டுக்குப் பதில் கொள்ளு வேகவைத்த தண்ணீர். சாற்றுக்குக் கனம் வேண்டுமே. சென்னாக்கூனி போட்டு வதக்கும் கத்தரிக்காய்க்கு, வறுத்து இடித்த கடலை. நத்தைக்குப் பதில் காளான். மழை பெய்தால் புற்றிலிருந்து ஈசல் வரும். அதே புற்றில் காளானும் முளைக்கும். “அதே புத்துதான், வேற புள்ள” என்கிறாள் அம்மா. எது தின்னும் காளான் என்று அவளுக்குத் தெரியும். தெரியாதவர்கள் பறிக்கக் கூடாது.

ருசி அதே இல்லை. அதே என்று சொன்னால் அப்பாயிக்குச் செய்யும் துரோகம். அந்த நண்டும் இப்போது வயலில் அரிது. குருணை மருந்து தூவித் தூவி வளையெல்லாம் காலி. போனதைப் போனது என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. என்ன மிச்சம்? அம்மி இருக்கிறது. மழையில் சளி பிடித்த பிள்ளைக்குச் சூடாக ஒன்று வைத்துக் கொடுக்க வேண்டும் என்ற பதைப்பு இருக்கிறது. எங்களை நண்டு மட்டும் காப்பாற்றவில்லை, அந்தப் பதைப்புதான் காப்பாற்றியது.

தெருவில் யார் வீட்டிலாவது நண்டு என்றால், அத்தை வாசலிலிருந்தே சத்தம் போடும்: “ஏ பாப்பா, கிட்ட வராத. கையக் கழுவிட்டு வர்றேன். என்னைத் தொட்டுடாத.” இந்தச் சொல்லைக் கேட்டுக் கூசிக் குறுகிய பரம்பரை எங்களுடையது. அத்தை வாயில் வரும்போது அது கூசவில்லை.

தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். இனி நம் கூட்டங்களில் இலை போடும்முன் யாருக்கு எது ஆகாது என்று கேட்டுவிடுவோம். ஆகாதவர் கூச்சப்படாமல் சொல்லட்டும். நண்டு இருக்கட்டும், நத்தை இருக்கட்டும், கறி இருக்கட்டும். ஓரமாக ஒரு தனிச் சட்டியும் இருக்கட்டும்.